உன் தட்டில் சாப்பிடும் பிள்ளை

ஊருக்கெல்லாம் டிரைவர் அண்ணாச்சியாகவும் எனக்கு மட்டும் அண்ணனாகவும் இருந்த என் செல்லத்துக்கு,

செத்துப்போனவனிடம் சௌக்கியம் விசாரிப்பது முறையா என்று தெரியவில்லை. விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை. நல்லா இருக்கியாண்ணே? பிடரியைப் பிசைந்துகொண்டே இருப்பாயே, அந்த வலி நின்றுவிட்டதா? அங்கேயாவது யாராவது சொன்னால் கேட்கிறாயா?

நீ போனபிறகு மூன்றாவது ஆடித்தபசுத் திருவிழாவும் வந்து போய்விட்டது. கூட்டத்தில் உன்னோடு வேலை பார்த்த கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். உன் புளியங்குடி வண்டியை இப்போது ஒரு சின்ன வயதுக்காரன் ஓட்டுகிறானாம். நன்றாகத்தான் ஓட்டுகிறானாம், ஆனால் உன்னைப்போல ஹாரன் அடித்துப் பாட்டிகளை எழுப்பத் தெரியவில்லையாம். சிரித்தோம்.

எனக்கு அதே வேலைதான். டாக்டரம்மா, நான், மருந்து எடுத்துக் கொடுக்கிற தம்பி, மூன்று பேரும் ஜீப்பில் ஏறிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு உயரம், எடை, பல், கண் பார்க்கிறோம். ஒருநாள் குருவிகுளம் பக்கம், ஒருநாள் கரிவலம், ஒருநாள் ஊருக்குள்ளேயே. "பிள்ளை பிடிக்கிறவ வந்துட்டா"ன்னு கேலி பண்ணுவாயே. இப்போது அந்தக் கேலியை நினைத்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெலிந்த பிள்ளையைத்தான் தேடுவோம். உனக்கு ஞாபகம் இருக்கும், வீட்டுக்கு வந்து உன்னிடம் அழுதிருக்கிறேன். எடை குறைந்தால் டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லுவாள் என்று வெட்கப்பட்டு, கால்சட்டைப் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறின பிள்ளைகள் உண்டு. இன்றைக்கு அதே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பெல்ட்டைக் கழற்றுகிறார்கள், ஷூவைக் கழற்றுகிறார்கள், வளையலைக் கழற்றித் தோழி கையில் கொடுக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! எல்லாப் பிள்ளையும் அப்படியில்லை, மெலிந்ததும் இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

சில நாள் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும் அண்ணே. நான் எடை பார்த்த பிள்ளைகள் இப்போது அம்மாக்களாக வந்து நிற்கிறார்கள். கரிவலத்தில் ஒருத்தி வந்தாள். எட்டாம் வகுப்பில் அவளுக்கு முப்பத்திரண்டு கிலோ, நான்தான் எழுதினேன், அவளுக்கே ஞாபகம் இருந்தது. அவள் மகள் மூன்றாம் வகுப்பு. மெஷினில் ஏறினாள், முப்பத்திரண்டு. அதே முகம், அதே மூக்குத்தி ஓட்டை. ஒரு நிமிஷம் எனக்கு யார் அம்மா, யார் மகள் என்று பிடிபடவில்லை. பழைய பிள்ளையே ஐந்து வருஷம் முந்திக்கொண்டு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கனமாக இருக்கிற பிள்ளைகளுக்கு டாக்டரம்மா பிரஷரும் பார்க்கச் சொல்லுவார். வாத்தியார்கள் சிரிப்பார்கள், "பச்சப்பிள்ளைக்கு என்னத்துக்குச் சிஸ்டர் பிரஷரு?" என்று. கையில் சுற்றுகிற பட்டையில் சிறுசு பெரிசு உண்டு. முன்னெல்லாம் பிள்ளைகளுக்குச் சின்னப் பட்டையே தொளதொள என்று கிடக்கும். இப்போது சின்னப் பட்டையைச் சுற்றினால் சில பிள்ளைகளுக்குப் படக்கென்று பிய்த்துக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் பட்டையை எடுக்க வேண்டியிருக்கிறது. அதை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் உன் கை ஞாபகம் வரும்.

போன மாதம் உன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கோமு ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், தெரியுமா? பதினோரு வயது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. இடது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை. இருபது வருஷம் கிளட்ச் மிதித்து மிதித்து உனக்கு வந்த நடை. நிமிர்ந்து பார்த்தேன், நம்ம கோமு நிற்கிறாள். "அத்தை"ன்னு சிரிக்கிறாள்.

ஐம்பத்தெட்டு கிலோ. பட்டை பெரியவர்கள் பட்டை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தேன். மேலே நூற்று நாற்பத்தாறு, கீழே தொண்ணூற்று நான்கு. காதில் இருந்து குழலைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். மறுபடி அதே. மெஷின் கெட்டிருக்கும் என்று என் கையில் சுற்றிப் பார்த்தேன், எனக்குச் சரியாகக் காட்டியது. மூன்றாவது தடவையும் அவளுக்கு அதே முள், அதே இடம்.

அந்த அளவு உனக்குத் தெரியும். உன் முதல் அளவு அது. ஒருநாள் மத்தியானம் யூனிஃபார்மோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "தல கனமா இருக்குட்டி, சும்மா பாரு"ன்னு கையை நீட்டினாயே, அன்றைக்கு வந்தது. அறையில் நீயும் நானும்தான். நீ கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "உங்க மதினிட்ட சொல்லிராத. சொன்னா நாளையிலருந்து உப்பில்லாச் சோறுதான்." நானும் சிரித்தேன். பாவி, சிரித்தேன். மாத்திரையைப் பத்து நாள் போட்டுவிட்டுத் தலைவலி போய்விட்டது என்று நிறுத்தினாய். எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து நீ பாதிச் சோற்றில் சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரஷர் என்று சொன்னபோது மதினி "பிரஷரா? அவுகளுக்கா?" என்று கேட்டாள். நானும் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி பக்கத்தில் நின்றேன்.

கோமு கையில் பட்டையை அவிழ்த்தேன். அவள் கட்டை விரலால் பிடரியைப் பிசைந்துகொண்டாள். வகுப்பு வாசலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, அம்மாட்ட சொல்லிராத. சொன்னா நாளையிலருந்து உப்பில்லாச் சோறுதான்."

அண்ணே, அந்த அறையில் நீயும் நானும் மட்டும்தானே இருந்தோம்? நான் இதை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. நீ சொன்னாயா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். நீ போனதில் இருந்தே நான் அங்கே அதிகம் போகவில்லை, மதினி முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளறையில் இருந்து குறட்டைச் சத்தம். இழுத்து, நடுவில் நின்று, மூச்சே போய்விட்டதோ என்று நாம் பதறும்போது வெடித்துக்கொண்டு வருமே, அந்தக் குறட்டை. வெளிச்சம் கொட்டுகிற முற்பகல். என்னை அறியாமல் "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். குறட்டை நின்றது. கோமு எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

மதினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "வா செல்வி, சாப்புடுத நேரத்துக்குத்தான் வந்திருக்க" என்றாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. உன் போட்டோவுக்கு முன்னால் தரையில் உன் பெரிய எவர்சில்வர் தட்டு, உன் பெயர் வெட்டின தட்டு, துடைத்து வைத்திருந்தது. பதினாறாம் நாள் முடிந்தபிறகும் மதினி உனக்குச் சோறு வைப்பதை நிறுத்தவே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அமாவாசைக்கு வைப்போம், வருஷாந்திரத்துக்கு வைப்போம். தினமும் யாராவது வைப்பார்களா? இவள் வைத்திருக்கிறாள். சோற்றுக் குவியல், கருவாட்டுக் குழம்பு, இரண்டு அப்பளம், மோர்மிளகாய், ஓரத்தில் ஒரு சிட்டிகை கல்லுப்பு. சனிக்கிழமை ராத்திரி நீ வாங்கிவருவாயே, அந்தப் புரோட்டாவும் மறக்காமல் வருகிறதாம்.

சூடம் காட்டினாள். காக்காவுக்கு ஒரு கவளம் வைத்துவிட்டு வந்தாள். வைத்த சோற்றைக் கொட்டக் கூடாது, தகப்பன் சாப்பிட்ட மிச்சம் பிள்ளைக்குத்தான் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். கோமு வந்து போட்டோவுக்கு முதுகைக் காட்டி, நீ உட்காருகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உன் தட்டை இழுத்துக்கொண்டாள்.

மதினி போட்டோவைப் பார்த்து, "ஏங்க, உப்பு போதுமா?" என்று கேட்டாள்.

தலையை நிமிர்த்தாமல் கோமு சொன்னாள், கட்டைக் குரலில்: "பத்தாதுட்டி. இன்னுங் கொஞ்சம் வையி."

மதினி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். உப்புப் போட்டாள். "பாத்தியா செல்வி? உங்க அண்ணன் எங்கயும் போகல" என்றாள். கோமு அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்துவைத்து மறுபடி உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது அப்பாவுக்கு அத்தை. இது எனக்கு" என்றாள்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத்தான் அன்றைக்குப் பயந்தேன்.

பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போனபிறகு மதினியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே, உளறினேன்.

"மதினி, கோமுக்குப் பிரஷர் இருக்கு."

"பச்சப்பிள்ளைக்கா? உன் மிஷினு கெட்டுப்போயிருக்கும், போ."

"மூணு தடவ பாத்தேன் மதினி. அவளுக்கு வைக்கிய தட்டை நிறுத்துங்க."

"அவளுக்கு எங்க வைக்கேன்? அவுகளுக்கு வைக்கேன். உங்க அண்ணனுக்கு ஒரு வாய்ச் சோறு போடாதங்கியா?" குரல் ஏறிவிட்டது. "தகப்பன் இல்லாத பிள்ளைன்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போடுதேன். அவ மெலிஞ்சான்னு வையி, ஊரு யாரைக் கேக்கும்? உன்னையவா? புருசன் செத்தான், பிள்ளைக்குச் சோறு கூடப் போடலம்பாக. இப்பப் பாரு, அப்பன மாதிரியே இருக்கான்னு எல்லாரும் சொல்லுதாக. நீதான் கண்ணு வைக்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை அண்ணே. நம்ம ஊர் அப்படித்தான் கேட்கும். எனக்குச் சொல்ல மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதையும் சொன்னேன்.

"அண்ணனுக்குப் பிரஷர் இருந்தது எனக்கு முன்னாலயே தெரியும் மதினி. அவன் போறதுக்கு மூணு வருசத்துக்கு முந்தியே தெரியும். உங்ககிட்ட சொல்லாதன்னான். சொல்லல."

மதினி என்னைப் பார்க்கவில்லை, உன் போட்டோவைத்தான் பார்த்தாள். பிறகு "எந்திரிச்சுப் போயிரு செல்வி" என்றாள். போய்விட்டேன்.

மதினி எட்டு நாள் என் போனை எடுக்கவில்லை. இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். உன்னைத் திட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன், பக்கத்தில் இருந்த பூக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். பிரேக் பிடிக்காத வண்டியை நீ எடுக்கமாட்டாய். "ஏறுறவன் உயிருக்கு எவன் பதில் சொல்லுவான்?" என்று டிப்போவில் சண்டை போடுவாய். உன் உடம்பை மட்டும் ஏன் அப்படியே ஓட்டினாய்? என்னையும் ஏன் அதில் ஏற்றிக்கொண்டாய்?

ஒன்பதாம் நாள் காலையில் மதினி கோமுவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளை கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, "பாரு" என்றாள். பார்த்தேன். இரண்டு புள்ளி முன்னே பின்னே, அதேதான். முள்ளை அவளே குனிந்து பார்த்தாள். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். சிறுநீரகம், ரத்தம் எல்லாம் சோதிக்க வேண்டும், பட்டினி போடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், பாக்கெட்டில் வருகிற எதுவும் வேண்டாம், பிள்ளை தினமும் ஓடி விளையாட வேண்டும், இப்போதே பிடித்தால் திருப்பிவிடலாம் என்றார். மதினி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுகளுக்கும் இதேதான் இருந்துச்சா?"

"ஆமா மதினி. இதேதான்."

"அப்ப அவுகளுக்குப் போட்ட உப்பைத்தான் இவளுக்கும் போட்டிருக்கேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது கோமு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நான் அப்பா மாதிரி பேசுனாத்தான் அம்மா சிரிக்கா" என்றாள். "மொதல்ல வெளாட்டுக்குத்தான் பேசுனேன்."

"இப்ப?"

"இப்ப நான் பேசணும்னு நினைக்கதுக்கு முன்னாலயே வந்துருது."

பிள்ளை அம்மாவுக்காக உன்னைச் சுமந்திருக்கிறாள், அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. குரலைப் பார்த்துப் பழகலாம், நடையைப் பார்த்துப் பழகலாம், கூடுதல் எடைக்குக் குறட்டையும் வரும். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒன்று கேட்டேன். "அன்னைக்கு ஸ்கூல்ல உப்பில்லாச் சோறுன்னு சொன்னியே மக்கா, அத யாரு சொல்லித் தந்தா?"

கோமு என்னை விழித்துப் பார்த்தாள். "எப்ப அத்தை? நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள்.

பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை அவள்.

நேற்று சாயங்காலம் மதினி என் வீட்டுக்கு வந்தாள். ஒரு துணிப்பையை நீட்டினாள், உள்ளே உன் தட்டு. "நீ வச்சுக்கோ. இங்கன இருந்தா என் கை நிக்காது, வச்சிருவேன்" என்றாள். வாசலிலேயே நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். போகும்போது, "கோமு நேத்து சோத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. அப்பாவுக்கு எங்கன்னு கேட்டா. அப்பா சாப்புட்டாச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். அப்புறம் படி இறங்கிப் போய்விட்டாள்.

அண்ணே, இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். இனி அந்த வீட்டில் உனக்குத் தினமும் சோறு இல்லை. திதிக்கு வைப்பார்கள், வந்து காக்காவோடு சாப்பிட்டுவிட்டுப் போ. மற்ற நாளில் அங்கே போகாதே. பிள்ளை பக்கத்தில் உட்காராதே. அவள் வாயால் கேட்காதே, அவள் காலால் நடக்காதே. அவளுக்குப் பதினோரு வயசு, அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே இன்னும் தெரியாது. அது தெரிகிற வரைக்குமாவது அவளை விட்டுவிடு.

வாரா வாரம் நானே போய் அவளுக்கு அளவு பார்ப்பேன். என்ன வந்தாலும் மதினியிடம் அப்போதே சொல்லுவேன். நல்லதோ கெட்டதோ, யார் தடுத்தாலும், நீயே வந்து தடுத்தாலும் மறைக்கமாட்டேன். இது சத்தியம்.

உனக்குப் பசித்தால் இங்கே வா. இன்று மத்தியானத்தில் இருந்து உன் தட்டு என் வீட்டில்தான். உப்புக் குறைவாகத்தான் இருக்கும், திட்டிக்கொண்டே சாப்பிடு. மிச்சத்தை யார் சாப்பிடுவார்கள் என்றுதானே பார்க்கிறாய்? நான்தான். எனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. ஏறுவதென்றால் என்மேல் ஏறு. நான் வளர்ந்த பொம்பளை, தாங்குவேன்.

அன்றைக்கு உன்னைக் காட்டிக்கொடுக்காமல் கொன்றவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
செல்வி